திராட்சைத் தோட்டத்துக் கூரையில் ஒரு மின்நிலையம்

நாசிக் நகரிலிருந்து வடக்கே திண்டோரி செல்லும் சாலையில் ஜனவரி மாதத்து விடியலில் பயணம் செய்தால், பனிமூட்டத்துக்கு நடுவே சின்னஞ்சிறு விளக்குகள் அசைவதைக் காணலாம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பிகளில் படர்ந்த கொடிகளின் வரிசைகளுக்கிடையே ஆண்களும் பெண்களும் திராட்சை பறித்துக்கொண்டிருப்பார்கள். ஒயினுக்கான திராட்சையை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். சூடேறிய பழம் பெட்டியில் கிடக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், பறிப்பு முதல் புட்டியில் அடைப்பது வரை இத்தொழிலின் கவலை முழுவதும் வெப்பத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

அந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்திருக்கும் குடும்ப ஒயின் ஆலை ஒன்றின் கூரையில், 2022ஆம் ஆண்டு 100 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எங்கள் கிளையின் கடனுதவியோடு நிறுவப்பட்டது. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அக்குடும்பத்தினர் கேட்டுக்கொண்டார்கள். வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது எங்கள் கடமையும்கூட. ஆனால் அந்த மின்நிலையம் உருவான கதையை எழுதலாம் என்று அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். கதையில் நாங்கள் செய்த தவறுகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். சொந்தத் தொழிலின் கூரையில் தகடு பதிக்க எண்ணியிருக்கும் வாசகர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும்.

நாசிக் வட்டாரத்துக்கு ஒயின் பழைய தொழிலன்று. உண்ணும் திராட்சைக்குத்தான் இம்மண் முதலில் பெயர்பெற்றது. மகாராஷ்டிர அரசு 2001ஆம் ஆண்டில் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கையை அறிவித்து, நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும் சாங்லி மாவட்டம் பலூசிலும் ஒயின் பூங்காக்களுக்கு வழிவகுத்த பிறகுதான், பல விவசாயக் குடும்பங்கள் நிலத்தின் ஒரு பகுதியில் செனின் பிளாங்க், ஷிராஸ் போன்ற ஒயின் ரகங்களை நடத் தொடங்கின. ‘நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்’ 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாம் பேசும் குடும்பமும் அவ்வாறு வந்ததே. வீட்டில் மூத்தவரை ஊரே ‘நானா’ என்று அழைக்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும் உண்ணும் திராட்சை பயிரிட்டவர். மகனும் மருமகளும் ஆலையை நடத்துகிறார்கள். நானா இன்றுவரை ஒயினைச் சுவைத்துப் பார்த்ததில்லை. ஆனால் தொட்டியின் வெப்பமானியைப் பார்க்காமல் இரவில் உறங்கச் செல்வதுமில்லை.

ஓர் இரவின் இழப்பு

சூரிய மின்சாரத்தைப் பற்றி அவர்கள் எங்களிடம் முதன்முதலில் பேச வந்தபோது மின்கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் ஓர் இரவு நேர்ந்ததைத்தான் சொன்னார்கள்.

வெள்ளை ஒயினுக்கான சாறு எஃகுத் தொட்டிகளில் ஏறக்குறைய 12 முதல் 18 டிகிரி வரையிலான வெப்பநிலையில் இரண்டு, மூன்று வாரங்கள் மெல்ல நொதிக்க வேண்டும். சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் தொட்டியின் வெப்பநிலையை உயர்த்துகிறது. உயர்ந்த வெப்பத்தில் ஈஸ்ட் இன்னும் வேகமாக வேலை செய்து இன்னும் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கத் தொட்டியின் இரட்டைச் சுவருக்குள் கிளைகால் கலந்த குளிர்நீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் குளிர்விக்கும் இயந்திரமே ஆலையில் மிக அதிக மின்சாரம் இழுப்பது.

அன்றிரவு மின்சாரம் தடைபட்டது. ஜெனரேட்டர் இயங்க மறுத்தது. பழுது பார்ப்பவர் நாசிக்கிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. ஒரு தொட்டியில் நொதித்தல் உச்சத்தில் இருந்த நேரம் அது. வெப்பம் ஏறியதில் பழத்தின் நறுமணம் முழுவதும் ஆவியாகிப் போயிற்று. ஒயின் கெட்டுவிடவில்லை, ஆனால் அவர்கள் பெயரிட்டு விற்கக்கூடியதாக அது இல்லை. மொத்த விலைக்கு, செலவைக்கூட ஈடுகட்டாத தொகைக்கு, அந்தத் தொட்டி கைமாறியது. அக்குடும்பத்தின் ஆண்டு லாபம் என்பது இரண்டு, மூன்று தொட்டிகளின் கதைதான் என்பதை அவர்களது இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அறிவோம்.

ஆகவே, ‘கூரையில் சொந்த மின்சாரம் இருந்தால் இப்படி நேராது’ என்று மகன் நம்பினார். சூரிய மின்தகடு விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை. அவர் 250 கிலோவாட்டுக்கு விலைப்பட்டியலும் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு 2022 ஜூனில், முதல் மழை பெய்த வாரத்தில், எங்கள் கிளைக்கு வந்தார்கள்.

முதல் குறிப்பு திரும்பி வந்தது

நாங்களும் விலைப்பட்டியலை நம்பித்தான் கணக்குப் போட்டோம். கடன் முன்மொழிவைத் தயாரித்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினோம். பத்தே நாளில் அது கேள்விகளோடு திரும்பி வந்தது. அந்தக் கேள்விகளைப் படித்தபோது சற்றுக் கூசினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் கேள்வி: வாடிக்கையாளரின் ஒப்பந்த மின்தேவை எவ்வளவு? ஆலையின் மின்கட்டண ரசீதில் அது 140 கேவிஏ என்று அச்சிடப்பட்டிருந்தது. நெட் மீட்டரிங் முறையில் கூரையில் நிறுவும் திறன், அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்ட முடியாது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளும், 500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட மின்பளு, இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சவரம்பு என்கின்றன. 250 கிலோவாட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரசீதின் முதல் பக்கத்தில் இருந்த ஓர் எண்ணை நாங்கள் பார்க்கத் தவறியிருந்தோம்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது: ‘மின்தடையின்போது பாதுகாப்பு’ என்று திட்டத்தின் நோக்கமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, மின்கலம் எங்கே?

இதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் இன்றும் எங்கள் கிளைக்கு வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். மின்கட்டமைப்புடன் இணைந்த சாதாரணச் சூரிய மின்நிலையம், வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். உச்சிவெயில் காய்ந்தாலும் ஒரு யூனிட்கூடக் கிடைக்காது. இது குறையன்று, வேண்டுமென்றே அமைக்கப்பட்ட பாதுகாப்பு. தடைபட்ட கம்பியைப் பழுது பார்க்க மின்கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கைக்கு, யாரோ ஒருவரின் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது. அதனால் இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. மேலும், அந்தத் தொட்டி வீணானது இரவில். இரவில் சூரியன் ஏது?

இந்தச் செய்தியைச் சொல்ல நாங்களே தோட்டத்துக்குச் சென்றோம். மகன் வெகுநேரம் பேசவில்லை. மருமகள்தான் முதலில் கேட்டார்: “அப்படியானால் எங்களுக்கு இது வேண்டாம் என்கிறீர்களா, சாகேப்?” வேண்டாம் என்று சொல்ல நாங்கள் போகவில்லை. ஆனால் எதற்காகக் கடன் வாங்குகிறோம் என்பது மாறிவிட்டது. தொட்டியைக் காப்பது ஒரு வேலை. மின்செலவைக் குறைப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே பொருள் செய்துவிடும் என்று எண்ணியதில்தான் பிழை. நானா கட்டிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “மாட்டை வாங்கும்போது பாலையும் பார்க்க வேண்டும், உழுமா என்றும் கேட்க வேண்டும்” என்று மராத்தியில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குளிரைச் சேமித்தல்

தொட்டியைக் காக்கும் வழியை ஆலையின் குளிரூட்டல் பொறியாளரே சொன்னார். மின்சாரத்தைச் சேமிக்க மின்கலம் வேண்டும். அது விலை அதிகம். குளிரைச் சேமிக்க வெப்பம் புகாத உறை போர்த்திய ஒரு பெரிய தொட்டி போதும். பகல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் குளிரூட்டியை முழு வேகத்தில் ஓட்டி, கிளைகால் கரைசலை நீரின் உறைநிலைக்கும் கீழே குளிர்வித்து அதில் நிரப்பிவைத்தால், இரவில் மின்சாரம் போனாலும் அந்தக் குளிர்நீரைத் தொட்டிச் சுவர்களுக்குள் ஓட்டச் சிறிய பம்பு ஒன்றே தேவை. குளிரூட்டி நின்றாலும் கவலையில்லை. சிறிய பம்புக்குச் சிறிய ஜெனரேட்டர். அது பழுதானால் மாற்றாக இன்னொன்று வைத்துக்கொள்வதும் பெரிய செலவன்று.

பகலில் மின்தடை ஏற்பட்டால் சூரிய மின்சாரம் வீணாகாமலிருக்க, பெரிய ஜெனரேட்டருடன் இன்வெர்ட்டர்கள் இணைந்து இயங்குவதற்கான கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்க்கப்பட்டது. ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தைக் கட்டமைப்பு மின்சாரம் போல எடுத்துக்கொண்டு தகடுகள் வேலை செய்யும், டீசல் குறையும். எனினும் ஜெனரேட்டரின் பளு மிகவும் தாழ்ந்துவிடாதபடி அக்கருவி தகடுகளின் உற்பத்தியை அடக்கிவைக்கும். எனவே முழுப் பயனும் கிடைக்காது. இதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே நாங்கள் இரண்டாவது குறிப்பை எழுதினோம்.

இடம் எங்கே என்ற கேள்வி எளிதாகத் தீரவில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வேண்டும். பழைய கல்நார்க் கூரைக் கொட்டகை எடை தாங்காது என்று கட்டடப் பொறியாளர் கையை விரித்துவிட்டார். புதிய உலோகத் தகட்டுக் கூரை தாங்கும். ஆனால் அதன் மேற்குப் பக்கத்தில் நானாவின் தந்தை காலத்துப் புளியமரம் ஒன்று நிற்கிறது. பிற்பகலில் அதன் நிழல் கூரையில் விழுகிறது. வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதுமே தளரும். மரத்தை வெட்டலாம் என்று விற்பனையாளர் சொன்னார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. நிழல் படும் மூலை காலியாக விடப்பட்டது. எங்கள் மதிப்பீட்டு அறிக்கையில் அந்த மூலைக்குக் ‘கட்டமைப்புக் காரணங்களால் தவிர்க்கப்பட்ட பகுதி’ என்று பெயர்.

கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தில் தகடுகளை நடலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. ஒயின் நாடுகளில் எல்லாம் இதே சங்கடம்தான். அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கில் ஃபார் நியெண்டே என்னும் ஆலை, விலைமதிப்பற்ற திராட்சை நிலத்தை இழக்க மனமின்றி 2008ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆயிரம் தகடுகளைத் தன் பாசனக் குளத்தின் மேல் மிதக்கவிட்டது. இதைச் சொன்னபோது மகன் உற்சாகமாகத் தங்கள் பண்ணைக் குட்டையைக் காட்டினார். நாசிக்கில் திராட்சை பயிரிடுவோர் பலரிடமும் நெகிழித்தாள் விரித்த அத்தகைய குட்டை உண்டு. ஆனால் மே மாதத்தில் அது ஏறக்குறைய வற்றிவிடும். நீர் இறங்க இறங்க மிதவைகள் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும். யோசனை அத்துடன் நின்றது.

காகிதத்தில் போட்ட கணக்கு

இனி எங்கள் துறைக்கு வருவோம். கூரைக்கும் ஒப்பந்த மின்தேவைக்கும் பொருந்த 100 கிலோவாட் என்று முடிவாயிற்று. இப்பகுதியில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. ஆண்டுக்கு 1,400 யூனிட் என்று சற்று அடக்கியே வைத்துக்கொண்டால் 1,40,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சமாகிறது எனக் கொண்டால் ஆண்டுக்கு 11,20,000 ரூபாய். முதலீடு வரிகள் உட்பட ஏறக்குறைய 50 லட்சம். நாலரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடுகளின் உற்பத்தித் திறனுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் வேறில்லை.

அழகான கணக்கைச் சந்தேகிப்பதற்குத்தான் வங்கி எங்களுக்குச் சம்பளம் தருகிறது. முதலில் வரி. பொதுவாகத் தொழிற்சாலைகள் இயந்திரம் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மனிதர் அருந்தும் மதுபானமோ அரசியலமைப்பின்படியே ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. விற்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லையென்றால், வாங்கிய தகட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை. அது முழுவதும் செலவுதான். 2022இல் தகடும் நிறுவும் பணியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு அந்த வரி 13.8 விழுக்காடு. விற்பனையாளரின் விலைப்பட்டியல் அதைக் ‘கழித்துக்கொள்ளக்கூடியது’ என்று காட்டியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குக் கொடுத்த அதே பட்டியல் போலும். 2025 செப்டம்பர் 22 முதல் தகடுகள் மீதான வரி 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், இத்தகைய ஒப்பந்தத்தின் மொத்தச் சுமை இப்போது 8.9 விழுக்காடாகிறது. இன்று நிறுவுகிறவர்களுக்கு அந்த அளவுக்கு மிச்சம்.

அடுத்தது தேய்மானம். சூரிய மின்கருவிகளுக்கு வருமான வரிச் சட்டம் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் ஆண்டில் பாதிதான். அதாவது, அக்டோபர் தொடக்கத்துக்குள் நிலையம் இயங்கத் தொடங்க வேண்டும். குடும்பம் செப்டம்பரைக் குறிவைத்தது. மழை நீண்டது, நெட் மீட்டருக்கான ஆய்வும் ஒப்புதலும் சில வாரங்கள் எடுத்தன. நவம்பரில்தான் மீட்டர் ஓடியது. அந்த ஆண்டு பாதித் தேய்மானமே கிடைத்தது.

வீட்டுக் கூரைகளுக்குப் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறதே என்று சிலர் எங்களைக் கேட்பதுண்டு. 2024இல் தொடங்கிய அந்தத் திட்டம் குடியிருப்புகளுக்கானது, ஆலைக்குப் பொருந்தாது. பாசனப் பம்புகளுக்குப் பிஎம் குசும் திட்டம் இருக்கிறது. அது வேறு விண்ணப்பம். ஆலைக்கு மானியமில்லை. எனினும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறைக் கடன்களில் அடங்குவதால், இத்தகைய விண்ணப்பங்களை வங்கிகள் விரும்பியே வரவேற்கின்றன.

முதலீடே வேண்டாம், நாங்களே தகடு பதிக்கிறோம், யூனிட்டுக்கு இவ்வளவு தாருங்கள் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. கையில் பணமில்லாதவர்களுக்கு அது நல்ல வழியே. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் 15 ஆண்டுக்குக் குறையாது. தேய்மானச் சலுகையும் அந்த நிறுவனத்துக்கே போகும். நானா இதைக் கேட்டதும், “என் கூரைக்கு இன்னொருவன் குத்தகைதாரனா?” என்றார். அதன் பிறகு அந்த யோசனையை யாரும் எடுக்கவில்லை.

தவணையின் பருவம்

எங்கள் முதல் குறிப்பில் இருந்த மிகப் பெரிய தவறு தவணைத் திட்டம்தான். அக்டோபரிலிருந்து மாதாமாதம் சம தவணை என்று எழுதியிருந்தோம். சம்பளக்காரர் வாங்கும் வாகனக் கடனுக்கு அது பொருந்தும். ஒயின் ஆலையின் பணம் அப்படி ஓடுவதில்லை.

நாசிக்கில் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இருமுறை வெட்டிவிடுகிறார்கள். ஏப்ரலில் ஒருமுறை, கனிக்காக அக்டோபரில் மறுமுறை. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அந்த மூன்று மாதங்களில் ஆலை இரவும் பகலும் இயங்கும். மின்கட்டணம் உச்சத்தில் நிற்கும். அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாங்கிய பழத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். கையிருப்பு கரையும் காலம் இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் புதிய ஒயின் தொட்டிகளில் கிடக்கும். வெளியே வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மழைக்காலத்தில் ஆலை ஓய்ந்திருக்கும், விற்பனையும் மந்தம், தகடுகளின் உற்பத்தியும் கணிசமாகக் குறையும். தீபாவளி தொடங்கிப் புத்தாண்டு வரை விற்பனை.

இவ்வளவையும் ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்களாக வரைந்து பார்த்தபோது, சூரியனும் இத்தொழிலும் எவ்வளவு இணக்கமானவை என்பது தெரிந்தது. குளிர் அதிகம் தேவைப்படும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களிலேயே தகடுகளும் அதிகம் தருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆலையின் தேவை குறைவு, வானம் தெளிந்திருக்கும், மிஞ்சும் யூனிட்டுகள் கணக்கில் வரவாகின்றன. நிதியாண்டு முடியும் மார்ச் 31இல் அந்த வரவு தீர்க்கப்படும். மிஞ்சிக் கிடப்பதற்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த குறைந்த விலையே கிடைக்கும். ஆனால் இந்த ஆலையின் அறுவடை அந்த நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களில் வருவதால், மிஞ்சியதெல்லாம் கரைந்துபோய்விடுகிறது. மே மாதத்தில் அறுவடை செய்யும் தொழிலாக இருந்திருந்தால் கணக்கு வேறு.

தவணையைத் திருத்தினோம். இயங்கத் தொடங்கிய பின் ஆறு மாதம் விடுப்பு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வட்டி மட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை கனத்த தவணை. ஏழு ஆண்டு. மண்டல அலுவலகம் இம்முறை கேள்வியின்றி ஒப்புதல் அளித்தது. அவர்கள் கேட்காமல் விட்டதே எங்களுக்குச் சற்று ஏமாற்றம். பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தோம்.

நிலையம் இயங்கத் தொடங்கிய எட்டாவது மாதத்தில், 2023 ஜூனில், மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை மீண்டும் திருத்தியது. சூரியன் காயும் எட்டு மணி நேரத்துக்கு மின்கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்வாகவும், உச்ச நேரத்தில் தொழில், வணிக நுகர்வோருக்கு 20 விழுக்காடு உயர்வாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டுக்கு நல்லது. ஆனால் பகலில் 8 ரூபாய் மிச்சமாகும் என்று நாங்கள் போட்ட கணக்கில், மாநில ஆணையத்தின் ஆணை அவ்வழியில் வரும்போது அது 6 ரூபாய் 40 காசாகிவிடும். ஆண்டு மிச்சம் 11,20,000இலிருந்து 8,96,000ஆக இறங்கும். நாலரை ஆண்டு என்றது ஐந்தரை ஆண்டுக்கும் சற்று மேலாகும். ஏழாண்டுத் தவணைக்குள் இது அடங்கும் என்றாலும், ஐந்தாண்டு என்று குறுக்கியிருந்தால் அக்குடும்பம் நெருக்கடிக்கு ஆளாகியிருக்கும். இன்று யாருடைய முன்மொழிவானாலும் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்தே எழுதுகிறோம். பகலில் மிஞ்சும் யூனிட்டை எந்த நேரப் பயன்பாட்டில் கழிக்கலாம் என்பதும் ஆணைக்கு ஆணை மாறக்கூடும். விலைப்பட்டியலில் இருக்கும் மிச்சத் தொகை எந்த ஆண்டின் ஆணையை வைத்துப் போடப்பட்டது என்று விற்பனையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

இந்தச் சூழலில், குளிர்நீர்த் தொட்டிக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு கூடிவிட்டது. மாலையில் உச்சக் கட்டணம் தொடங்கும்போது குளிரூட்டியை நிறுத்திவிட்டு, பகலில் சேர்த்த குளிரை ஓடவிடுகிறார்கள். தொட்டியைக் காக்கக் கட்டியது கட்டணத்தையும் காக்கிறது.

ஆலங்கட்டியும் தூசியும்

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தகடுகளில் நகரும் பாகம் எதுவுமில்லை. ஆனால் மார்ச் முதல் மே வரை தூசி படியும். வாரந்தோறும் விடியற்காலையில் கழுவ வேண்டும். கடினநீரில் கழுவினால் உப்புப் படலம் படியும். ஆலையில் ஏற்கெனவே சுத்திகரித்த நீர் இருப்பது வசதி. வெப்பம் கூடினால் தகட்டின் உற்பத்தி சற்றுக் குறையும் என்பதையும் மே மாதக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரின் உத்தரவாதம் தகட்டின் உத்தரவாதத்தைவிட மிகக் குறுகியது. அதை மாற்றுவதற்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைப்பது நல்லது.

காப்பீட்டில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரம் முழுவதும் கொட்டிய ஆலங்கட்டி மழையை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று அறுவடைக்கு நின்ற திராட்சையை இழந்த குடும்பங்களில் இதுவும் ஒன்று. நிலத்தை அடமானம் வைத்துத்தான் மீண்டார்கள். தகடுகளுக்கான சர்வதேசச் சோதனையில் 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பனிக்கட்டி உருண்டைகளை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எறிந்து பார்க்கிறார்கள். நானா 2014இல் விழுந்தவற்றின் அளவைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். அந்த வளையத்துக்குள் 25 மில்லிமீட்டர் தாராளமாகப் புகுந்து வெளிவரும். காப்பீட்டுப் பத்திரத்தில் ஆலங்கட்டி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடன் தொகையை விடுவித்தோம்.

சென்ற பிப்ரவரியில் ஆண்டு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். ஆய்வு முடியுமுன் பொழுது சாய்ந்துவிட்டது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் விளக்குகள் அணைந்தன. குளிரூட்டியின் இரைச்சல் நின்று, சில நொடிகள் முழு அமைதி. பிறகு கொட்டகையின் பின்புறத்தில் சிறிய ஜெனரேட்டர் ஒன்று இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பம்பின் ஓசை கேட்டது. மகன் கைப்பேசி வெளிச்சத்தில் தொட்டிகளைச் சுற்றி வந்து, பதினான்கு டிகிரி என்றார். நானா கட்டிலை விட்டு எழுந்து வந்தார். மகன் சொன்னதைக் கேட்ட பிறகும், மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, தொட்டிக்குத் தொட்டி வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிட்டே படுக்கப் போனார்.